பழைய பிடியும் புதிய பெட்டியும்

பொருள்களின் முடிவு இருவகைப்படும். தேய்ந்தும் உடைந்தும் பழுதுற்று மாய்வது ஒருவகை. தான் பழுதின்றியே இருக்க, தன் பாஷையை அறிவார் எவரும் இல்லாமையால் மூலையில் ஒதுங்கிக் கிடப்பது மற்றொரு வகை. முன்னதற்கு நாம் வருந்துவதில் பயனில்லை. பின்னதோ மனிதரின் அறியாமையாலும் சோம்பலாலும் நேர்வது. ஆதலின் மனிதரால் மாற்றத் தக்கது. இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

தொண்ணூறுகளில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த எவருக்கும் 'டிவி கேம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் மலரும். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டி; அதன் தலையிற் செருகும் மஞ்சள் நிறக் கேசட்டு; முன்புறத்தில் வயரோடு நீளும் இரண்டு பிடிகள். கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை என்னவோ விரல்விட்டு எண்ணத்தக்க விளையாட்டுக்களே. ஆயினும் அந்தப் பெரிய எண்ணைக் கண்டு ஏமாறுவதிலும் பிள்ளைகளுக்கு ஓர் இன்பம் இருந்தது.

கேகாலை மாவட்டத்தில், இறப்பரும் தேயிலையும் செழிக்கும் புளத்கொகுபிட்டிய போன்ற தோட்டப் பகுதிகளில் இப்பெட்டிக்கு இன்னொரு பொருளும் உண்டு. கொழும்பிலே கடைச் சிப்பந்தியாயிருந்த தமையனோ, மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணி செய்த தாயோ அனுப்பிய பணத்தால் வாங்கப்பட்டதே பெரும்பாலும் அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பிராவில், அயல் வீட்டுப் பிள்ளைகளும் வந்து குழுமியிருந்து, தவணை முறையில் பிடியைக் கைமாற்றி விளையாடிய காட்சி பலர் நெஞ்சில் இன்றும் அழியாதிருக்கும். அருகில் இல்லாத தாயின் அன்புக்கு அந்தப் பிடியே அடையாளமாக இருந்தது. அத்தகைய பொருளை எவர்தான் எறிய மனங்கொள்வர்?

ஆகவே, பெட்டியின் மின்பொருத்தி எரிந்துபோன பின்னும், கேசட்டு செத்துப்போன பின்னும், பருத்த பழைய தொலைக்காட்சியின் இடத்தில் தட்டைத் திரை வந்து அமர்ந்த பின்னும், பிடி மட்டும் பிஸ்கட் பேணிக்குள் பத்திரமாக உறங்குகிறது. பிடியைத் 'ஜாய்ஸ்டிக்' என்பாரும் 'கேம் ரிமோட்' என்பாரும் உளர். நாம் பிடி என்றே வழங்குவோம். இந்தப் பழைய பிடியை, பாட்டும் படமும் பாடமும் காட்டும் இன்றைய வீட்டுக் கணினியோடு இணைக்க முடியுமா என்பதே நம்முன் உள்ள வினா. முடியும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. செலவைவிடப் பன்மடங்கு மதிப்புள்ள கல்வி அதில் அடங்கியிருக்கிறது என்பதையே இக்கட்டுரையில் விளக்கப் புகுகிறோம்.

பிடி வந்த வழி

அமெரிக்க நாட்டு அட்டாரி நிறுவனம் 1977ஆம் ஆண்டில் ஒரு வீட்டு விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அதன் பிடி ஒரு சிறு நெம்புகோலும் ஒரு சிவப்புப் பொத்தானும் கொண்டது. முனையில் ஒன்பது ஊசித் துளைகள் உள்ள பிளக். இப்பிடியின் உள்ளே அறிவு ஏதும் இல்லை. வெறும் ஆளிகளே உண்டு. மேலே தள்ளினால் ஒரு வயர் தரையோடு இணையும். கீழே இழுத்தால் வேறொரு வயர் இணையும். திசை நான்கு, பொத்தான் ஒன்று, ஆக ஐந்து செய்திகளுக்கு ஐந்து வயர்.

1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 'பாமிகொம்' என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதனை வடிவமைத்த பொறியியலாளர் மசாயுக்கி உவேமுரா. நெம்புகோல் அதில் இல்லை. கட்டைவிரலால் அழுத்தும் கூட்டல் குறி போன்ற சிலுவைப் பொத்தான் அதன் இடத்தைப் பிடித்தது. இந்தச் சிலுவைப் பொத்தானை முந்திய ஆண்டில், அதாவது 1982இல், அதே நிறுவனத்துக் கையடக்க விளையாட்டுக் கருவியொன்றுக்காக அமைத்துத் தந்தவர் குன்பெய் யொக்கோய். இன்று உலகில் விற்கப்படும் விளையாட்டுப் பிடிகள் பலவற்றில் அந்தச் சிலுவையின் சாயலைக் காணலாம்.

பாமிகொம் பெட்டியின் பல சில்லுகளையும் ஒன்றாக்கி, ஒரே சில்லில் அடக்கி, மூல நிறுவனத்தின் அனுமதியின்றியே ஆசியாவிற் பலர் நகற்பெட்டிகள் செய்யலாயினர். ரஷ்யாவில் 1992இல் 'டெண்டி' என்ற பெயரோடு அறிமுகமாகிப் பெரும்புகழ் பெற்றதும் இந்நகலே. நம் வீடுகளுக்கு வந்த 'டிவி கேம்' இந்தக் குடும்பத்தின் பிள்ளை. இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தன. தொலைக்காட்சி புகுந்த வீட்டில் அதன் பின்னே விளையாட்டுப் பெட்டியும் புகுந்தது.

பிரட்டுக்களத்துக் கணக்கு

பாமிகொம் பிடியில் எட்டுப் பொத்தான்கள் உள. பழைய முறைப்படி எட்டுக்கும் தனித்தனி வயர் இழுத்தால், பொதுவயரோடு சேர்த்து ஒன்பது வயர் வேண்டும். ஆனால் வேலை செய்பவை ஐந்தே வயர்கள். இவ்விந்தை எவ்வாறு நிகழ்கிறது?

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனை விளக்குதல் எளிது. காலையிற் பிரட்டுக்களத்தில் தொழிலாளர் கூடுகின்றனர். கணக்கப்பிள்ளை செக்ரோலை விரித்து வரிசைப்படி பெயர்களை அழைக்கிறார். ஒரு பெயர், ஒரு விடை. அடுத்த பெயர், அடுத்த விடை. எல்லோரும் ஒரேயடியாய்ப் பேசினால் கணக்கு எடுபடாது. ஒருவர்பின் ஒருவராய்ச் சொன்னால், எத்தனை பேராயினும் ஒரே காது போதும்.

பிடிக்குள்ளே 4021 என்ற இலக்கமுடைய சிறு சில்லொன்று இந்தக் கணக்கை நடத்துகிறது. அது ஒரு நகர்வுப் பதிவேடு. ஐந்து வயர்களுள் இரண்டு மின்னூட்டத்துக்குரியன. ஒன்று 5 வோல்ட், மற்றது தரை. மூன்றாம் வயரில் பெட்டியிலிருந்து ஒரு துடிப்பு வரும். 'எல்லோரும் நின்ற இடத்தில் நில்லுங்கள்' என்ற கட்டளை அது. அக்கணத்தில் எந்தப் பொத்தான் அழுந்தியுள்ளது, எது அழுந்தவில்லை என்ற நிலை முழுவதும் பதிவேட்டில் ஏறிவிடும். நான்காம் வயரில் வரும் ஒவ்வொரு துடிப்பும் 'அடுத்த பெயர்' என்று பொருள்படும். ஐந்தாம் வயர் வழியே ஒவ்வொரு பொத்தானின் விடையும் வெளிவரும். வரிசை என்றும் மாறாது: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம்.

இந்தப் பிரட்டில் ஒரு வேடிக்கை உண்டு. அழுத்தப்படாத பொத்தானுக்கு உரிய வேளையில் வயரில் மின்னழுத்தம் இருக்கும். அழுத்தப்பட்ட பொத்தானின் முறை வரும்போது அது அடங்கிவிடும். 'வந்தேன்' என்று குரல் கொடுப்பவன் வேலையின்றி இருப்பவன். மௌனமாய் நிற்பவனே வேலையிலிருப்பவன்! இதை நினைவில் வையாத மாணவன், எட்டுப் பொத்தான்களும் எப்போதும் அழுந்தியிருப்பதாகக் கண்டு திகைப்பான்.

இந்தக் கணக்கெடுப்பு நாளுக்கு ஒருமுறை நடப்பதன்று; திரையிற் படம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் நிகழ்வது. ஜப்பானியத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 60 தடவை. நம் நாட்டு முறையில் 50 தடவை.

புதிய பெட்டி

இனி மறுகரையைப் பார்ப்போம். தொலைக்காட்சியோடு இணைத்து வைத்துப் பாட்டும் படமும் கல்வி நிகழ்ச்சியும் காண உதவும் கணினியே வீட்டு ஊடகக் கணினி. காரியாலயங்களிற் கழிக்கப்பட்ட பழைய மேசைக் கணினி இதற்குப் போதும். 2012ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் நாள் இங்கிலாந்தில் வெளியான 'ராஸ்பெரி பை' என்ற உள்ளங்கையளவு கணினியும் அதன் பின்வந்த வகைகளும் இதற்கு மிகவும் உகந்தவை. இவற்றில் இயங்கும் 'கோடி' என்ற இலவச மென்பொருள், நாம் சேர்த்து வைத்த பாட்டுக்களையும் படங்களையும் ஒழுங்காக அடுக்கித் திரையிற் காட்டும்.

இந்தக் கோடியின் பிறப்பு வரலாறு சுவையானது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2001இல் வெளியிட்ட 'எக்ஸ்பொக்ஸ்' என்ற விளையாட்டுப் பெட்டியில் படமும் பாட்டும் ஓடவேண்டும் என்று விரும்பிய ஆர்வலர் சிலர், 2002ஆம் ஆண்டளவில் தாமே எழுதத் தொடங்கிய மென்பொருளே அது. 2014இல்தான் கோடி என்ற இன்றைய பெயரைப் பெற்றது. 2019ஆம் ஆண்டு வெளிவந்த அதன் 18ஆம் பதிப்பில், விளையாட்டுக்களை ஆடும் வசதியும் பலவகைப் பிடிகளை அடையாளங் காணும் வசதியும் சேர்க்கப்பட்டன. ஆக, பழைய பிடியை இப்புதிய பெட்டியோடு சேர்ப்பது அந்நியரை மணமுடித்து வைப்பதன்று; பிரிந்த உறவினரை மீண்டும் கூட்டிவைப்பதேயாம்.

புதிய கணினியின் வாசல் யூ.எஸ்.பி. எனப்படும் இணைப்பு. 1996ஆம் ஆண்டில் அதன் முதற்பதிப்பு வெளிவந்தது. அதற்கு முன் விசைப்பலகைக்கு ஒரு துளை, அச்சுப்பொறிக்கு ஒரு துளை, விளையாட்டுப் பிடிக்கு ஒரு துளை என்று ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வாசல் இருந்தது. இந்த அல்லலைத் தீர்க்க இன்டெல் நிறுவனத்தில் முன்னின்று உழைத்தவர்களுள் முதன்மையானவர் இந்தியாவிற் பிறந்து பரோடாவிற் கற்ற அஜய் பட் என்னும் பொறியியலாளர்.

யூ.எஸ்.பி. வாசலில் நுழையும் கருவி முதலில் தன்னைத் தானே அறிமுகஞ் செய்துகொள்ள வேண்டும். 'நான் இன்ன சாதிக் கருவி. என்னிடம் இத்தனை பொத்தான்கள் உள' என்று அது விண்ணப்பிக்கும். கணினி அதனை ஏற்கும். நம் பழைய பிடிக்கோ இந்த மரியாதைப் பேச்சு எதுவும் தெரியாது. அது அறிந்தது பிரட்டுக்களத்து எட்டு விடைகள் மட்டுமே. பழுது பிடியிலும் இல்லை, கணினியிலும் இல்லை. இருவருக்கும் பொதுவான பாஷை இல்லாமையே குறை.

இடையில் ஒரு துபாஷி

பாஷை தெரியாத இருவர் பேச வேண்டுமாயின் இடையில் ஒரு துபாஷி வேண்டும். 2005இல் இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில், மாணவர் எளிதிற் பயில்வதற்கென்று பிறந்த 'ஆர்டுயினோ' என்னும் சிறுபலகைக் குடும்பம் இந்தத் தொழிலுக்கு ஏற்றது. அவற்றுள் 'லியனார்டோ' என்ற வகை தன்னை ஒரு விசைப்பலகை என்றே கணினிக்கு அறிமுகஞ் செய்துகொள்ள வல்லது. 2021இல் வெளிவந்த 'ராஸ்பெரி பை பிக்கோ' என்ற மலிவான பலகையும் இவ்வேலையைச் செய்யும். ஆயத்தமாகச் செய்யப்பட்ட பொருத்திகளும் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கியோர் பிடியை இயக்கலாம். செய்து பார்த்தோரே அதை அறிந்தவராவர்.

பலகையில் எழுத வேண்டிய நிரல் இருபது முப்பது வரிகளுக்கு மேற் போகாது. 'நில்' என்ற துடிப்பை ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் 12 பங்கு நேரம் அனுப்புக. முதல் விடையைப் படிக்க. 'அடுத்து' என்ற துடிப்பை ஏழு முறை அனுப்பி ஏனைய ஏழு விடைகளையும் படிக்க. முன்னைய நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் வேறுபாடு இருந்தால் மட்டும் கணினிக்குத் தெரிவிக்க. இவ்வளவே சாரம்.

கோடி மென்பொருள் விசைப்பலகையின் அம்புக்குறிகளால் நகரும். 'என்டர்' விசையால் தேர்ந்தெடுக்கும். 'பாக்ஸ்பேஸ்' விசையால் பின்செல்லும். இடைவெளி விசையால் படத்தை நிறுத்தவும் தொடரவும் செய்யும். ஆகவே சிலுவைப் பொத்தானை நான்கு அம்புகளாகவும், ஏ பொத்தானை 'என்டர்' எனவும், பி பொத்தானைப் 'பாக்ஸ்பேஸ்' எனவும், ஸ்டார்ட்டை இடைவெளி விசையாகவும் துபாஷி பெயர்த்துச் சொன்னால் வீடு முழுவதற்கும் ஒரு தொலையியக்கி கிடைத்துவிடும். நாற்பது ஐம்பது சிறு பொத்தான்கள் நெருங்கிய ரிமோட்டைக் கண்டு மருளும் பாட்டியும், நான்கு திசையும் இரு பொத்தானும் உள்ள இப்பிடியைத் தடவியே பழகிக்கொள்வார்.

செய்முறை

முதற்பணி சுத்திகரிப்பு. சப்ரகமுவ மலைச்சாரலின் ஈரக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. பிடியின் பின்புறத் திருகாணிகளைக் கழற்றித் திறந்தால், பொத்தான்களின் கீழே மென்மையான இறப்பர்த் தகடொன்றைக் காணலாம். 1876இல் ஹெனரத்கொடையில் நட்டு, இன்று நம் சரிவுகளிற் பால் வடிக்கும் மரத்து இறப்பரன்று அது. சிலிக்கோன் என்னும் செயற்கைச் சாதி. அதன் அடியில் உள்ள கரிய வில்லைகள் பலகையின் தடங்களைத் தொடும்போதுதான் பொத்தான் அழுந்தியதாகக் கணக்கு. மருந்துக்கடையில் வாங்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து அவ்வில்லைகளையும் தடங்களையும் மெல்லத் துடைத்தல் வேண்டும். உரசித் தேய்த்தல் கூடாது. கரிப்பூச்சு போய்விட்டால் பொத்தான் செத்தது போலத்தான்.

அடுத்தது வயர். பிடிக்குள் வயர் நுழையும் கழுத்திலே அது அடிக்கடி மடிந்து உள்ளே அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. பல்மானி ஒன்றால் முனைக்கு முனை தொடர்ச்சி பார்த்தால் உண்மை வெளிப்படும். அறுந்த பாகத்தை வெட்டி நீக்கி, எஞ்சியதை ஈயத்தால் மீண்டும் பற்றவைக்கலாம்.

மூன்றாவது பணியே அறிவுக்குரியது. எந்த ஊசி எந்த வயர் என்று கண்டறிய வேண்டும். நகற்பெட்டி செய்தோர் ஒரே ஒழுங்கைப் பின்பற்றவில்லை. வயரின் நிறத்தை நம்புதல் ஆபத்து. பலகையில் பதினாறு கால்களுள்ள 4021 சில்லு இருப்பின் காரியம் எளிது. அதன் 16ஆம் கால் மின்னூட்டம். 8ஆம் கால் தரை. 9ஆம் கால் 'நில்' என்னும் கட்டளை. 10ஆம் கால் 'அடுத்து' என்னும் துடிப்பு. 3ஆம் கால் விடை. பல்மானியின் ஒரு முனையைக் காலிலும் மறுமுனையைப் பிளக்கின் ஊசிகளிலும் வைத்து ஒவ்வொன்றாய்க் கண்டுகொள்ளலாம்.

மலிவான பிடிகள் பலவற்றில் சில்லின் இடத்தில் கரிய அரக்குப் பொட்டு ஒன்றுதான் இருக்கும். அதன் உள்ளே இருப்பதும் அதே வேலையைச் செய்யும் சில்லே. கால்கள்தாம் கண்ணுக்குத் தெரியா. தடங்களைப் பின்தொடர்ந்தும் புலப்படாவிடில் ஒரு நேர்வழி உண்டு. பொட்டுக்குச் செல்லும் தடங்களை வெட்டிவிட்டு, எட்டுப் பொத்தான்களின் தடங்களிலிருந்தும் நேராக எட்டு வயர்களையும் பொதுத்தரையிலிருந்து ஒரு வயரையும் துபாஷிப் பலகைக்கு இழுத்துவிடலாம். அப்போது நம் பிடி 1977ஆம் ஆண்டு அட்டாரியின் முறைக்குத் திரும்பிவிடும். பிரட்டு இல்லை, பதிவேடு இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு தனி வழி. அழகிற் குறைந்தாலும் தப்பாத வழி.

'பிளேஸ்டேஷன்' பிடிகள் வைத்திருப்போர் வேறுவகைப் பாஷையைச் சந்திப்பர். 1994இல் ஜப்பானிற் பிறந்த அப்பெட்டி, பிடியைக் கேள்வி கேட்கும் அதே கணத்தில் பிடியிடமிருந்து விடையும் பெறும். அதற்குரிய ஆயத்தப் பொருத்திகளை வாங்குவதே தொடக்கத்தில் நன்று. முதல் எக்ஸ்பொக்ஸின் பிடியோ உள்ளுக்குள் யூ.எஸ்.பி. பாஷையே பேசுவது; பிளக்கின் உருவம் மட்டுமே வேறு.

எச்சரிக்கை

ஆர்வமுள்ள இளைஞர் கவனிக்க வேண்டியன சில உள. பழைய மேசைக் கணினிகளின் பின்புறத்திலும் ஒன்பது ஊசி வாசல் ஒன்று இருப்பதுண்டு. பிளக் பொருந்துகிறதே என்று பிடியை அதிற் செருகற்க! அது வேறு தொழிலுக்கு உரியது. அதில் வரும் மின்னழுத்தம் 5 வோல்ட்டையும் கடந்து எதிர்த்திசையிலும் செல்லும். பிடியின் சில்லு பொசுங்கிவிடும். வாசல் ஒத்திருப்பதால் வீடும் ஒன்றாகிவிடாது.

லியனார்டோ 5 வோல்ட்டில் இயங்குவது. பிக்கோவும் ராஸ்பெரி பையும் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. பின்னவற்றைப் பயன்படுத்துவோர் பிடிக்கும் 3.3 வோல்ட்டே கொடுத்தல் வேண்டும். 4021 சில்லு அதிலும் இயங்கும். மின்னூட்டத்தையும் தரையையும் மாற்றி இணைத்தால் சில்லு இறந்துபடும். ஆதலின் இருமுறை சோதித்த பின்னரே மின்னூட்டுக. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்துக்கும் இவ்வேலைக்கும் யாதொரு தொடர்பும் இருத்தல் கூடாது. ஈயம் பற்றவைக்கும்போது சிறுவர் தனியே இருத்தலாகாது. கதவு சாளரங்களைத் திறந்துவைத்து, வேலை முடிந்ததும் கைகழுவுதல் அவசியம்.

பெட்டியோடு வந்த துப்பாக்கியை மீட்டெடுக்கலாமா என்று கேட்போர்க்கு 'இயலாது' என்றே விடையிறுக்க வேண்டும். பழைய படக்குழாயில் ஒளிப்புள்ளி வரிவரியாய் ஓடிப் படம் எழுதும் வேகத்தையும் அதன் மினுக்கத்தையும் கொண்டே அத்துப்பாக்கி குறியை அறிந்தது. தட்டைத் திரையில் அந்த ஓட்டம் இல்லை. துப்பாக்கி பழுதன்று, அது காண வேண்டிய ஒளிதான் உலகை விட்டு மறைந்து வருகிறது. எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்று நாம் கூறவில்லை. மீட்கக் கூடியதை மீட்காமல் விடுதலே தவறு என்கிறோம்.

பொத்தானை அழுத்திச் சற்றுத் தாமதித்தே திரையில் உருவம் அசைவதாயின் பிடியைக் குறைகூற வேண்டா. புதிய தொலைக்காட்சிகள் படத்தை மெருகிட்டுக் காட்டுவதில் நேரத்தைக் கழிப்பன. 'கேம் மோட்' என்ற வசதியை இயக்கினால் தாமதம் பெரிதும் குறையும்.

இறுதியாக ஒரு நியாயம். பழைய விளையாட்டுக்களுக்கு உரிமையாளர் இன்றும் உளர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நம் நாட்டில் இத்தகைய ஆக்கங்களுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. ஆர்வலர் பலர் இன்றும் பாமிகொம் முறைக்கென்றே புதிதாக விளையாட்டுக்கள் எழுதி இலவசமாய் வழங்குகின்றனர். அவற்றை ஆடுதல் நேர்மையானது. தாமே ஒன்றை எழுதுதல் அதனினும் சிறந்தது.

இதனால் ஆவதென்ன?

ஒரு விளையாட்டுச் சாமானுக்காக இத்தனை பிரயாசையா என்று பெரியோர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயின் 2022ஆம் ஆண்டை நினைத்துப் பார்ப்போம். அந்நியச் செலாவணி அற்றுப்போய், மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டு, இறக்குமதிப் பொருள்களின் விலை விண்ணைத் தொட்டது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் அதற்கு முந்திய ஆண்டிலேதான் 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அத்தகைய வீட்டில் ஒரு பிள்ளைக்குப் புதுக் கருவி வாங்கித் தருவதென்றால் அடுப்பைத் தொட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். கெட்டதைத் திருத்தத் தெரிந்தவன் வீட்டில் மட்டுமே அந்நாளில் பல பொருள்கள் உயிர்வாழ்ந்தன.

பொருளைக் காட்டிலும் பெரியது ஒன்று இதில் அடங்கியுள்ளது. உயர்தர வகுப்பில் தருக்கப் படலைகளைப் படிக்கும் மாணவர், அவற்றைக் காகிதத்தில் வரைந்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகின்றனர். 2013ஆம் ஆண்டில் நம் பாடசாலைகளில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. எனினும் தோட்டத்துப் பிள்ளைக்குத் தொட்டுப் பார்க்க ஆய்வுகூடம் அருகில் இருத்தல் அரிது. பிஸ்கட் பேணிக்குள் கிடக்கும் பழைய பிடி அவனுக்கு ஓர் ஆய்வுகூடம். அதனுள்ளே சில்லு இருக்கிறது, துடிப்பு இருக்கிறது, ஒன்றும் பூச்சியமும் இருக்கின்றன. அவன் எழுதிய இருபது வரிக்குத் திரை பணிந்து அசைகிறது. தன் கையால் ஒருமுறை அதைக் கண்ட பிள்ளை, இயந்திரத்தின் முன் இனி ஒருபோதும் கைகட்டி நிற்கமாட்டான், நிற்கமாட்டாள்.

இருநூறு ஆண்டுகளாக நம் மக்கள் பிறர் கொடுத்த கருவியைப் பிறர் சொன்னபடி பிடித்தே பழகியவர்கள். கவ்வாத்துக் கத்தியும் பால் வெட்டும் கத்தியும் அவர்கள் கையிற் கொடுக்கப்பட்டன. இயந்திரத்தின் உட்புறம் காட்டப்படவில்லை. கணினியும் கைப்பேசியும் இன்று லயங்களுக்கு வந்துவிட்டன. அவற்றையும் பிறர் காட்டியபடி அழுத்துவதோடு நின்றுவிட்டால் பழைய வழக்கமே புதிய உருவில் தொடரும். திறந்து பார்ப்பதே அதனைக் கடக்கும் முதற்படி.

பெற்றோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விடுமுறை நாளொன்றில் அலமாரியின் மேலிருக்கும் பேணியை இறக்கிப் பிள்ளையின் கையிற் கொடுங்கள். 'உடைத்துவிடாதே' என்று மட்டும் சொல்லற்க. 'இது என்ன சொல்கிறது என்று கேட்டுச் சொல்' என்று சொல்லுங்கள். அதனை வாங்கி அனுப்பியவர் இன்றும் வீட்டில் இருந்தால், வேலை முடிந்த அன்று முதற்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவருக்கே அளியுங்கள். அயல்நாட்டு வீடொன்றின் சமையற்கட்டில் நின்று உழைத்து அதனை வாங்கிய கை, தன் பிள்ளை பேச வைத்த அப்பிடியைப் பிடித்து மகிழ்வதினும் சிறந்த கூலி வேறொன்று இராது.